கைபேசி பழகியது வேறு, டிஜிட்டல் எழுத்தறிவு வேறு: உயர்கல்வியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் பாடம் நடத்துவதோடு, கணினி, இணையம் பற்றி வரும் சந்தேகங்களுக்கு மாணவர்களோடும் சக ஆசிரியர்களோடும் உட்கார்ந்து விடை தேடுவதும் என் வேலையாக இருந்து வருகிறது. கேள்விகள் பெரும்பாலும் அதேதான், கேட்பவர்கள்தான் மாறுகிறார்கள். எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. மாணவர் கேட்டதும் ஆசிரியர் கேட்டதும் கலந்தே இருக்கும். உங்களுக்கு வேண்டியதை மட்டும் படித்துக்கொள்ளலாம்.

டிஜிட்டல் எழுத்தறிவு என்றால் கணினி இயக்கத் தெரிவதுதானே?

அது முதல் படி. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த எல்லாராலும் ஒரு கடன் பத்திரத்தைப் படித்து, அதில் தன்னைச் சிக்கவைக்கும் வரி எது என்று கண்டுபிடித்துவிட முடியாது. இங்கேயும் அப்படித்தான். 1997-இல் எழுத்தாளர் பால் கில்ஸ்டர் இந்தச் சொல்லைப் பரவலாக்கியபோதே, விசைகளைத் தட்டும் பழக்கத்தைவிடக் கருத்துகளைக் கையாளும் திறனே முக்கியம் என்று சொல்லிவிட்டார். ஐரோப்பிய ஆணையத்தின் ‘டிஜிகாம்ப்’ சட்டகம் முதலில் 2013-இல் வந்தது. அதன் 2022 பதிப்பு ஐந்து பகுதிகளில் 21 திறன்களை அடுக்குகிறது: தகவலைத் தேடி மதிப்பிடுவது, பிறரோடு சேர்ந்து வேலை செய்வது, உள்ளடக்கம் உருவாக்குவது, பாதுகாப்பு, சிக்கலைத் தீர்ப்பது.

உயர்கல்வியில் இதோடு துறையறிவும் சேர வேண்டும். எனக்குப் பிடித்த ஓர் எடுத்துக்காட்டு மரபணுவியலில் இருந்து. மனித மரபணுக்களில் ‘மார்ச்1’, ‘செப்ட்1’ என்று சுருக்கப் பெயர் கொண்டவை இருந்தன. எக்செலில் அந்தப் பெயரைத் தட்டினால் அது தேதி என்று எண்ணி ‘1 மார்ச்’ என மாற்றிவிடும். 2016-இல் வந்த ஓர் ஆய்வு, எக்செல் கோப்பில் மரபணுப் பட்டியல் இணைத்த கட்டுரைகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருப்பதைக் காட்டியது. கடைசியில் 2020-இல் மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே அந்தப் பெயர்களை மாற்ற வேண்டியதாயிற்று. எழுதியவர்கள் எல்லாரும் எக்செல் ‘தெரிந்த’ ஆராய்ச்சியாளர்கள். கருவி பின்னால் என்ன செய்கிறது என்று சந்தேகப்படும் பழக்கம்தான் இல்லாமல் போயிற்று. அந்தச் சந்தேகத்தைத்தான் நான் எழுத்தறிவு என்கிறேன்.

கைபேசியோடே வளர்ந்த பிள்ளைகளுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டுமா?

கட்டாயம் வேண்டும். ‘அவர்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே’ என்று எண்ணிவிடுவதைப் போல மாணவர்களுக்குக் கெடுதல் செய்யும் எண்ணம் வேறு இல்லை.

இந்த எண்ணத்துக்கு ஒரு பிறந்த வருடம் உண்டு. 2001-இல் கல்வி பற்றி எழுதிவந்த மார்க் பிரென்ஸ்கி, இளைஞர்களை டிஜிட்டல் உலகின் பூர்வகுடிகள் என்றும் மூத்தவர்களை அங்கே குடியேறியவர்கள் என்றும் பிரித்தார். கேட்கக் கவர்ச்சியாக இருந்ததால் அது வேகமாகப் பரவியது. ஆனால் வயதை வைத்துத் திறமையைச் சொல்லிவிட முடியாது. 2011-இல் டேவிட் வைட்டும் அலிசன் லெ கார்னுவும் வேறொரு பார்வையை முன்வைத்தார்கள். இணையத்தில் சிலர் வந்து வேலையை முடித்துக்கொண்டு போகும் விருந்தினர்போல இருப்பார்கள், சிலர் அங்கேயே குடியிருப்பார்கள். ஒரே ஆள் ஓரிடத்தில் குடியிருப்பவராகவும் இன்னோரிடத்தில் விருந்தினராகவும் இருக்கலாம் என்றார்கள். வகுப்பில் நான் பார்ப்பதோடு இதுதான் ஒத்துப்போகிறது. பத்து நிமிடத்தில் அழகான வீடியோ வெட்டி ஒட்டித் தரும் மாணவி, தன் கட்டுரைக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று தெரியாமல் கலங்குகிறாள். கைபேசிச் செயலிகள் ஃபோல்டரையே கண்ணில் காட்டுவதில்லை. பார்த்தே இராத ஒன்றை அவள் எப்படி அறிவாள்?

ஐசிஐஎல்எஸ் என்ற பன்னாட்டுத் தேர்வு 2018-இல் எட்டாம் வகுப்பு மாணவர்களின் கணினி, தகவல் திறனை அளந்தது. தகவலைச் சீர்தூக்கிப் பார்க்கும் உச்ச நிலையை எட்டியவர்கள் 2 சதவீதம் மட்டுமே. அந்த வயதுக்காரர்கள்தான் பிறகு கல்லூரிக்கு வந்தார்கள். ‘உனக்குத் தெரிந்திருக்குமே’ என்று நாம் ஆரம்பிக்கும்போது, தெரியாத மாணவர் வாயை மூடிக்கொள்கிறார். அதன் பிறகு அவருக்கு உதவ வழியே இல்லாமல் போகிறது.

ஓர் இணையதளத்தை நம்பலாமா என்று எப்படிப் பார்ப்பது?

அந்தத் தளத்திலேயே உட்கார்ந்து பார்க்காதீர்கள். வெளியே வந்து பாருங்கள்.

ஸ்டான்ஃபோர்டில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் 2017-இல் வெளியிட்ட ஆய்வு இது. வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அதே பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையப் பக்கங்களைக் காட்டி எது நம்பகமானது என்று கேட்டார்கள். ஒன்று 1930-இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்கள் கொண்ட அமைப்பு. மற்றொன்று 2002-இல் அதிலிருந்து பிரிந்த சிறிய குழு. பெயர்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருந்தன. மாணவர்களில் பலரும், முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர்களில் சிலரும்கூட, தடுமாறினார்கள். பக்கத்தின் வடிவமைப்பு, முத்திரை, அடிக்குறிப்புகள் ஆகியவற்றைக் கவனமாகப் படித்து, அவற்றை வைத்தே முடிவு செய்தார்கள். சரிபார்ப்பாளர்களோ சில நொடிகளில் புது டேப் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். விடை சீக்கிரமே கிடைத்துவிட்டது. இந்த முறைக்குப் பக்கவாட்டு வாசிப்பு என்று பெயர்.

நம் கல்வி இதற்கு நேர் எதிரான பழக்கத்தை ஊட்டியிருக்கிறது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. கையில் கொடுத்ததை வரி விடாமல் ஆழ்ந்து படி என்று சொல்லித்தருகிறோம். பாடநூலுக்கு அது பொருந்தும். யார் எழுதியது என்றே தெரியாத பக்கத்துக்கு அந்த உழைப்பைக் கொடுப்பது வீண்.

டிஜிட்டல் எழுத்தறிவு ஆய்வாளர் மைக் கால்ஃபீல்ட் இதையே நான்கு அசைவுகளாகச் சுருக்கினார்: நில், மூலத்தை விசாரி, இதைவிட நல்ல தகவல் வேறெங்கும் உண்டா என்று பார், மேற்கோள் காட்டப்பட்டதை அதன் முதல் இடம் வரை துரத்திப் போ. முதலாவதுதான் மிகக் கடினம். கோபமோ மகிழ்ச்சியோ பொங்கும்போது விரல் தானாகப் பகிர்ந்துவிடுகிறது.

விக்கிப்பீடியாவைப் பயன்படுத்தினால் பேராசிரியர் திட்டுகிறார். சரியா?

ஆய்வேட்டில் அதையே ஆதாரமாகக் காட்டினால் திட்டுவது நியாயம். தேடலைத் தொடங்கும் இடமாக அது மிக நல்லது. கட்டுரையின் அடியில் இருக்கும் மேற்கோள்களைப் பிடித்து அசல் நூலுக்கும் ஆய்வுக்கும் போங்கள். ‘உரையாடல்’ பக்கத்தையும் ஒருமுறை திறந்து பாருங்கள். ஒரு தகவலின் மேல் மனிதர்கள் எப்படி வாதாடி ஒரு வாக்கியத்தை நிலைநிறுத்துகிறார்கள் என்பது அங்கே தெரியும்.

ஆய்விதழில் வெளிவந்துவிட்டால் நம்பலாம்தானே?

அப்படியும் சொல்ல முடியாது. பணம் வாங்கிக்கொண்டு, யாரும் படித்துப் பார்க்காமலே எதையும் வெளியிடும் போலி இதழ்கள் ஏராளம். இதழின் ஆசிரியர் குழுவில் இருப்பவர்கள் உண்மையில் அங்கே இருக்கிறார்களா, யாரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ் என்றால், அத்தகைய தரமான இதழ்களைத் தொகுக்கும் டிஓஏஜே பட்டியலில் இடம்பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பட்டியல் 2003 முதல் இருக்கிறது. நல்ல இதழில் வந்த கட்டுரையும் பிறகு திரும்பப் பெறப்பட்டிருக்கலாம். பழைய பிடிஎஃப் கோப்பு உங்கள் கணினியில் இருந்தால் அந்தச் செய்தி அதில் இருக்காது. கட்டுரையின் டிஓஐ எண்ணை, அதாவது அதன் நிரந்தர அடையாள எண்ணைத் தட்டி, வெளியீட்டாளரின் பக்கத்தில் இன்றைய நிலையைப் பார்த்துவிட்டு மேற்கோள் காட்டுங்கள்.

மேற்கோள்களைச் சேர்த்து வைக்கச் சோட்டேரோ போன்ற இலவச மென்பொருளை முதல் வருடத்திலேயே பழகிக்கொள்ளுங்கள். கடைசி வருடத்தில் புராஜெக்ட் எழுதும் வாரத்தில் பழகுவது பெரிய வேதனை.

வகுப்பில் தொழில்நுட்பம் வந்தால் மாணவர்கள் கூடுதலாகக் கற்பார்களா?

தொழில்நுட்பம் வந்ததாலேயே கற்க மாட்டார்கள். 1983-இல் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் சொன்ன உவமை இன்னும் பேசப்படுகிறது: மளிகைப் பொருளை ஏற்றி வரும் லாரியால் நம் உடலின் ஊட்டம் மாறுவதில்லை, ஊடகமும் அப்படிப்பட்ட வண்டிதான் என்றார். ராபர்ட் கோஸ்மா இதை மறுத்தார். சில ஊடகங்களால் மட்டுமே செய்யக்கூடியவை உண்டு என்பது அவர் வாதம். இதில் இருவர் பக்கமும் கொஞ்சம் உண்மை இருப்பதாக நினைக்கிறேன். ஒரு மூலக்கூறைத் திருப்பித் திருப்பிப் பார்க்கக் கரும்பலகையால் முடியாது. ஆனால் கரும்பலகையில் எழுதியதையே ஸ்லைடில் போட்டு வாசித்தால் எதுவும் மாறப்போவதில்லை.

எது மாற்றுகிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உண்டு. 2006-இல் ரோடிகரும் கார்ப்பிக்கும் செய்த பரிசோதனையில் ஒரு குழு பாடப் பகுதியைத் திரும்பப் படித்தது, இன்னொரு குழு படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, படித்தவர்களுக்கு 42 சதவீதம். 2014-இல் ஸ்காட் ஃப்ரீமனும் குழுவினரும் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சராசரியாக 33.8 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்கள் கேள்வி, விவாதம், கணக்கு என்று ஈடுபட்ட வகுப்புகளில் 21.8 சதவீதம்.

இரண்டிலும் வேலை செய்தது மாணவரின் மூளை. அதனால் எந்தக் கருவியைப் பற்றிக் கேட்டாலும் நான் ஒன்றைத்தான் திருப்பிக் கேட்பேன்: இதை வைத்தால் யோசிக்கும் வேலையை யார் செய்வார்? வாரம் ஒரு சிறு வினாடி வினாவை மூடுல் என்ற கற்றல் தளத்தில் வைத்து, உடனே திருத்தி, ஏன் தவறு என்று காட்டினால் மாணவர் யோசிக்கிறார். அங்கே கருவி ஆசிரியரின் திருத்தும் நேரத்தையும் மிச்சப்படுத்துகிறது. ஸ்லைடும் குறிப்பும் சுருக்கமும் தானாக வந்து விழுந்தால் யாருமே யோசிப்பதில்லை.

வீடியோ பாடம் எவ்வளவு நீளம் இருக்கலாம்?

எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நான்கு பாடங்களின் 69 லட்சம் வீடியோப் பார்வைகளை 2014-இல் அலசினார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும், மாணவர்கள் பார்த்த இடைநிலை நேரம் (பாதிப் பார்வைகள் இதற்கு மேலும் பாதி கீழும் இருக்கும் அளவு) ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. அதற்காக ஐம்பது நிமிட விரிவுரையைக் கத்தரித்து எட்டுத் துண்டாக்கினால் போதாது. ஒவ்வொரு துண்டும் ஒரே கருத்தைப் பேசி முடிக்க வேண்டும், முடிந்ததும் ஒரு கேள்வி இருக்க வேண்டும். ஒலி தெளிவாக இருக்கட்டும். படம் சுமாராக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், குரல் புரியாவிட்டால் மூடிவிடுவார்கள்.

மடிக்கணினியில் குறிப்பெடுப்பதா, கையால் எழுதுவதா?

2014-இல் வந்த ஒரு பிரபல ஆய்வு கையெழுத்துக்கு ஆதரவாகப் பேசியது. மடிக்கணினிக்காரர்கள் கேட்டதை அப்படியே தட்டச்சு செய்கிறார்கள், அதனால் புரிதல் குறைகிறது என்றது. பிறகு அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அந்த வேறுபாடு தெளிவாகக் கிடைக்கவில்லை. ஆகவே இதற்காக வகுப்பில் சட்டம் போடுவது சரியில்லை. எதில் எழுதினாலும் உங்கள் சொல்லில் எழுதுங்கள்.

கவனச்சிதறல் வேறு விஷயம். 2013-இல் கனடாவில் நடந்த ஆய்வில், திரையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தவரோடு, அவர் திரை கண்ணில் பட உட்கார்ந்திருந்தவர்களும் குறைவான மதிப்பெண் எடுத்தார்கள். வகுப்பில் நீங்கள் படம் பார்த்தால் பின்னால் இருப்பவரின் படிப்பும் கெடுகிறது.

2020-இல் இணைய வகுப்பு எங்களுக்குக் கசந்துபோனது. இணையவழிக் கல்வியே அப்படித்தானா?

அந்த வருடம் உச்சத்தில் 150 கோடிக்கும் மேற்பட்ட மாணவர்களின் படிப்பு தடைபட்டதாக யுனெஸ்கோ கணக்கிட்டது. சில நாள் அவகாசத்தில் ஜூமுக்கு மாற்றப்பட்ட வகுப்புகள் அவை. அதை இணையவழிக் கல்வி என்று சொல்லக் கூடாது, ‘அவசரத் தொலைநிலைக் கற்பித்தல்’ என்று அழைக்க வேண்டும் என அமெரிக்கக் கல்வியாளர்கள் சிலர் அந்த மார்ச் மாதமே எழுதினார்கள். எனக்கு அது மிகச் சரியாகப் படுகிறது. நல்ல இணையவழிப் பாடம் ஒன்றைத் திட்டமிடவே பல மாதம் ஆகும். பிரிட்டனின் திறந்த பல்கலைக்கழகம் 1969-இல் நிறுவப்பட்டு 1971-இல்தான் முதல் மாணவர்களுக்குப் பாடம் தொடங்கியது. இடைப்பட்ட காலம் பாடம் தயாரிக்கவே தேவைப்பட்டது.

மூக் (யார் வேண்டுமானாலும் சேரக்கூடிய இணையவழிப் பாடம்) படிப்பில் சேர்ந்தேன், பாதியில் விட்டுவிட்டேன். என்னிடம் குறையா?

உங்களோடு பெரும் கூட்டமே இருக்கிறது. 2011-இல் ஸ்டான்ஃபோர்டின் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தில் சுமார் 1,60,000 பேர் சேர்ந்தார்கள், முடித்தவர்கள் ஏறக்குறைய 23,000 பேர். ஹார்வர்டும் எம்ஐடியும் நடத்திய மூக் பாடங்களில் 2017-18-இல் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம்தான் என்று 2019-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை சொன்னது. சான்றிதழுக்குப் பணம் கட்டியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முடித்தார்கள். பணத்தோடு நோக்கமும் வந்துவிடுகிறது. எட்டிப் பார்க்கச் சேர்ந்தவர் தனக்கு வேண்டியதைப் படித்துவிட்டுப் போனால் அதில் தோல்வி ஏதும் இல்லை. முடிக்கத்தான் வேண்டும் என்றால் ஒரு நண்பரோடு சேருங்கள், வாரத்தில் இந்தக் கிழமை இந்த நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அசைன்மென்டை ஏஐ கொண்டு எழுதலாமா?

முதலில் உங்கள் பாடத்தின் விதியைக் கேளுங்கள். ஒரே கல்லூரியில் ஓர் ஆசிரியர் அனுமதிப்பார், இன்னொருவர் தடுப்பார். எழுத்தில் இல்லாவிட்டால் எழுத்தில் தரச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

விதியைத் தாண்டி என் கருத்து இது. அசைன்மென்ட் என்பது ஆசிரியருக்குத் தேவையான பொருள் கிடையாது. உங்கள் கட்டுரையைப் படித்து அவர் எதையும் கட்டப்போவதில்லை. எழுதும்போது உங்களுக்குள் ஏற்படும் மாற்றத்துக்காகத்தான் அதைக் கேட்கிறார். பளு தூக்கும் பயிற்சிக்குப் போய் இயந்திரத்தை வைத்துப் பளுவைத் தூக்கினால் பளு மேலே போகும், உங்கள் தசை அப்படியே இருக்கும்.

அதற்காக அதைத் தொடவே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். நீங்கள் எழுதிய வாதத்துக்கு எதிர்வாதம் கேளுங்கள். புரியாத கருத்தை மூன்று விதமாக விளக்கச் சொல்லுங்கள். உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லிப் பதில் எழுதிப் பாருங்கள். முதல் வரைவு மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஆதாரம் தேட இதை நம்பாதீர்கள். சாட்ஜிபிடி போன்றவை, அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து வாக்கியம் அமைப்பவை. அதனால் உண்மையில் இல்லாத நூலுக்கும் ஆசிரியர் பெயர், வருடம், பக்க எண் எல்லாம் கச்சிதமாகத் தந்துவிடும். 2023-இல் நியூயார்க்கில் வழக்கறிஞர்கள் அப்படிக் கிடைத்த, நடக்கவே நடக்காத ஆறு வழக்குகளை நீதிமன்றத்தில் மேற்கோள் காட்டி 5,000 டாலர் அபராதம் கட்டினார்கள். இணையத்தில் தேடிப் பதில் தரும் புதிய வடிவங்களிலும், காட்டும் லிங்கைத் திறந்து அந்த வரி அங்கே இருக்கிறதா என்று பார்த்தே தீர வேண்டும்.

மாணவர் ஏஐ-யில் எழுதினாரா என்று கண்டுபிடிக்கும் கருவியை நம்பலாமா?

ஆசிரிய நண்பர்களே, இதில் மட்டும் மிகவும் நிதானமாக இருங்கள். அது தரும் சதவீதத்தை வைத்து ஒரு மாணவர் மேல் குற்றம் சாட்டாதீர்கள்.

சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டது. ஏஐ எழுதியவற்றில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகப் பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை ஏஐ எழுதியதாகத் தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று ஜூலையிலேயே அதை விலக்கிக்கொண்டார்கள். அதே வருடம் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாக 61 சதவீதத்தை அவை ஏஐ எழுதியது என்றன. எளிய சொற்களில், பழகிய வாக்கிய அமைப்பில் எழுதுபவரைத்தான் அந்தக் கருவிகள் சந்தேகிக்கின்றன. இரண்டாம் மொழியில் கஷ்டப்பட்டு எழுதும் மாணவர் அப்படித்தானே எழுதுவார்?

தன் சொந்தக் கட்டுரைக்கு இப்படிக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு மாணவர் என் முன்னால் உட்கார்ந்து அழுதிருக்கிறார். கைப்பட எழுதிய குறிப்புகளும் மூன்று வரைவுகளும் அவரிடம் இருந்ததால் தப்பினார். மாணவர்கள் வரைவுகளை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதினால் பதிப்பு வரலாறு தானாகவே சேமிக்கப்படும். சந்தேகம் வந்தால் ஆசிரியர் அவரைக் கூப்பிட்டுப் பத்து நிமிடம் கட்டுரையைப் பற்றிப் பேசினால் போதும். எழுதியவருக்குத் தான் எழுதியது தெரியும்.

கற்றல் தளம் என்னைப் பற்றி என்னவெல்லாம் சேமிக்கிறது? தேர்வில் கேமரா கண்காணிப்பு சரியா?

எப்போது உள்ளே வந்தீர்கள், எந்தப் பக்கம், எந்தக் கோப்பு, எப்போது சமர்ப்பித்தீர்கள் என்பதெல்லாம் பொதுவாகப் பதிவாகும். பின்தங்கும் மாணவரை முன்கூட்டியே கண்டு உதவ இது பயன்படலாம். ஆனால் கோப்பைத் தரவிறக்கி அச்செடுத்து இரவு முழுக்கப் படித்தவர், கணக்கில் இரண்டு நிமிடம் வந்துபோனவராகத்தான் தெரிவார். எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும் முன் ஆளைக் கேட்க வேண்டும்.

கேமரா கண்காணிப்பில் என் மனம் ஒப்பவில்லை. தேர்வுக்கு முன் அறை முழுவதையும் கேமராவில் சுற்றிக் காட்டச் சொன்னது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2022-இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் ஓர் அரசுப் பல்கலைக்கழக வழக்கில் தீர்ப்பளித்தது. தனி அறை இல்லாத மாணவருக்கு இது எவ்வளவு கூச்சம் என்று யோசியுங்கள். புத்தகம் திறந்து எழுதும் தேர்வு, வாய்மொழித் தேர்வு, சிறு சிறு வேலைகள் என்று வழிகள் இருக்கின்றன. எந்தத் தரவு, யாரிடம், எத்தனை நாள் இருக்கும் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

பார்வை, செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கு என்ன செய்யலாம்?

நிறைய. அதில் பெரும்பகுதிக்குச் செலவே இல்லை. பக்கங்களை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கினால் அது வெறும் படம், திரைவாசிப்பு மென்பொருளுக்கு அதில் ஒரு சொல்லும் கிடைக்காது. படத்திலுள்ள எழுத்தை அடையாளம் காணும் எழுத்துணரி (ஓசிஆர்) மென்பொருள் கொண்டு அதை உரையாக மாற்றிக் கொடுங்கள். வேர்டில் தலைப்பைத் தடித்த எழுத்தில் மட்டும் போடாமல் தலைப்பு வடிவத்தைத் தேர்ந்து போட்டால், கண் தெரியாதவர் தலைப்பிலிருந்து தலைப்புக்குத் தாவிப் படிக்க முடியும். படத்துக்கு ஒரு வரி விளக்கம் எழுதுங்கள். எழுத்துக்கும் பின்னணிக்கும் ஒளி வேறுபாடு (கான்ட்ராஸ்ட்) குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி என்ற பன்னாட்டு வழிகாட்டுதல். வெளிர் சாம்பல் எழுத்தை விட்டுவிடுங்கள். வீடியோவுக்கு வசன வரி போடுங்கள், தானியங்கி வரிகளைத் திருத்தாமல் விடாதீர்கள். சத்தமான இடத்தில் படிப்பவருக்கும், மொழி புதிதாகக் கற்பவருக்கும் அதே வரிகள் கைகொடுக்கும்.

என் மாணவர்கள் சிலரிடம் கைபேசி மட்டுமே இருக்கிறது, இணைப்பும் மந்தம். எப்படிப் பாடம் நடத்துவது?

நேரலையைக் குறையுங்கள். உரையாகவும் ஒலிப்பதிவாகவும் தந்து, தரவிறக்கிப் பிறகு படிக்கும்படி வையுங்கள். கேமராவைக் கட்டாயமாக்காதீர்கள். கெடு நேரத்தைச் சில மணி தளர்த்துங்கள். உங்கள் பாடப் பக்கத்தை ஒருமுறை கைபேசியில், மெதுவான இணைப்பில் நீங்களே திறந்து பாருங்கள். எங்கே கை வைக்க வேண்டும் என்று அதுவே காட்டிவிடும்.

ஆய்வேடு, புராஜெக்ட் கோப்புகளை எப்படிப் பத்திரப்படுத்துவது?

மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். பென் டிரைவில் ஒரே பிரதி வைத்திருந்து இழந்தவர்களைப் பார்த்து நான் நொந்திருக்கிறேன். கடவுச்சொல் நீளமாகவும், ஒவ்வொரு தளத்துக்கும் வேறாகவும் இருக்கட்டும். மின்னஞ்சலுக்கு இரு படி சரிபார்ப்பை இன்றே போடுங்கள், மற்றக் கணக்குகளின் சாவி எல்லாம் அங்கேதான் இருக்கிறது.

டிஜிட்டல் எழுத்தறிவைத் தனிப் பாடமாக வைத்தால் போதுமா?

முதல் பருவத்தில் ஒரு பாடம் வைத்து முடித்துவிடும் இடங்களைப் பார்க்கிறேன். அடிப்படைக்கு அது உதவும். ஆனால் மூன்றாம் வருடத்தில் வேதியியல் தரவைக் கையாளும்போது முதல் பருவத்தில் படித்தது நினைவில் இருக்காது, பொருந்தவும் பொருந்தாது. ஒவ்வொரு பாடத்திலும் ஓர் அசைன்மென்டில் இதற்கென்று சில மதிப்பெண் ஒதுக்கச் சொல்வேன். கட்டுரையோடு, ஆதாரங்களைத் தேடிய வழியையும், ஒதுக்கிய ஆதாரம் ஒன்றையும், ஏன் ஒதுக்கினார் என்பதையும் மாணவர் ஒரு பக்கம் எழுதட்டும். அதற்கு ஆசிரியர்களுக்கும் நேரம் தர வேண்டும். கருவி வாங்கப் பணம் ஒதுக்கும் நிர்வாகங்கள், அதைப் பழக ஆசிரியருக்கு ஒரு மதியத்தைக்கூட ஒதுக்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

தெரியாததைக் கேட்க வெட்கமாக இருக்கிறது. யாரிடம் போவது?

நூலகரிடம் போங்கள். தேடல், மேற்கோள், இதழ்களின் தரம் எல்லாம் அவர்களுக்குத் தொழில், ஆனால் கேட்டு வருபவர்கள் குறைவு. போகும் முன் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: என்ன செய்ய நினைத்தேன், என்ன செய்தேன், என்ன நடந்தது. பிழைச் செய்தி வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அந்த மூன்று வரியை எழுதும்போதே பலருக்குப் பாதி விடை கிடைத்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு நூலகர் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.